நாலு நிமிடப் பச்சைச் சட்டை

மெக்சிகோ நகரம்
ஜூலை 12

அன்புத் தம்பி ஹெனாரோவுக்கு,

போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் ஒரே ஒரு மணி அடித்துவிட்டு அறுந்துபோகிறது. அண்ணன்காரன் பேனா பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நீ சிரித்தாலும் பரவாயில்லை என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். தபாலில் போட்டால் எல்லை தாண்டி உன் கைக்கு வர மூன்று வாரம் ஆகும். அதனால் பஸ் பார்சலில் எல்லையோரம் பியெத்ராஸ் நெக்ராஸுக்கு அனுப்புகிறேன். அம்மா சனிக்கிழமை அமெரிக்கப் பக்கத்திலிருந்து பாலம் தாண்டி ரொட்டி வாங்க வருவாளே, அப்போது எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்டத்துக்கு வரும்போது கொடுப்பாள். நீயும் பதிலை அவளிடமே கொடு.

ஒலாசாபலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோப்பையில் மெக்சிகோ காலிறுதியோடு வெளியே வந்ததற்கு யாராவது ஒருவர் தலை உருள வேண்டியிருந்தது. கோச்சின் தலைதான் எல்லோர் கைக்கும் எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. அவருக்கு உதவிக் கோச்சாக இருந்த எங்கள் நிலைமையும் இப்போது அந்தரத்தில்தான். புதிதாக பெனவிதெஸ் என்பவர் வருகிறார்.

நாலு நிமிடம் மட்டும் ஆடவிட்டார்களே என்று உனக்கு வருத்தம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. அரையிறுதிக்குப் போனால் முதல் பதினோரு பேரில் நீ இருப்பாய் என்று ஒலாசாபல் என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அரையிறுதிக்கு நாம் போகவில்லை, நான் என்ன செய்ய? ஆனால் நீ நம் நாட்டுப் பச்சைச் சட்டையோடு கோட்டோரம் வந்து நின்றாயே, அப்போது அம்மா கேலரியில் உட்கார்ந்து அழுதாளாம். நானும் அழுதேன். என் முட்டி மட்டும் போகாமல் இருந்திருந்தால் அந்தச் சட்டையை நான் போட்டிருப்பேன். நான் போடாததை நீ போட்டாய்.

பெனவிதெஸிடம் உன்னைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் பொறு. எண்ணைத் திறந்து விடு.

உன் அண்ணன்
பல்தெமார்


சான் அன்டோனியோ
ஜூலை 21

அண்ணனுக்கு,

கடிதத்தை அம்மா கொடுத்தாள். உங்களுக்குள் என்ன சண்டை என்று கேட்டாள். ஒன்றுமில்லை, அவன் போன் கெட்டுப்போச்சு என்றேன். அவள் நம்பவில்லை.

நாலு நிமிடம் என்று நீ எழுதுவதைப் பார்த்தால் ஏதோ டிக்கெட் கிடைக்காமல் போன சினிமாவைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கிறது. அது என்ன ஆட்டம் என்று நினைவிருக்கிறதா? ஒரு சின்னத் தீவின் அணியோடு. மூன்று கோல் முன்னிலை. மைதானத்தில் ஜனங்கள் பாதிப் பேர் எழுந்து கார் எடுக்கப் போய்விட்டார்கள். என்னை இறக்க எந்த அவசியமும் இல்லை. நீயே பெஞ்சுக்கு வந்து என் தோளைத் தட்டி, "எந்திரிடா, உன்னையத்தான், ஓடு" என்றாய். நானும் நாய்க்குட்டி மாதிரி ஓடினேன். பந்து இரண்டு தடவை காலில் பட்டது. அதில் ஒன்று தவறிப் போனது.

அந்தக் கோப்பையில் ஒரு நாட்டுக்காக ஒரு நிமிடம் கால் வைத்தாலும் இனி சாகும்வரை வேறு நாட்டுக்கு ஆட முடியாது. நீ பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவன், உனக்கு ஒரே நாடு. நான் இந்தப் பக்கம் ஈகிள் பாஸில் பிறந்தவன், எனக்கு இரண்டும் திறந்திருந்தது. அந்த நாலு நிமிடத்தில் ஒன்று மூடிவிட்டது. இன்னொன்று திறக்கவே இல்லை.

திரும்பி வந்தால் இங்கே எங்கள் கிளப்பின் உடைமாற்றும் அறையில் என் அலமாரிக்கு மேல் பசங்கள் மெக்சிகோக்காரர்கள் போடுகிற ஒரு பெரிய வைக்கோல் தொப்பியை மாட்டிவைத்திருந்தார்கள். சிரித்தேன், வேறு என்ன செய்ய. அங்கே உங்கள் பத்திரிகைக்காரன் என்னைப் 'போச்சோ' என்று எழுதியிருக்கிறான். அரைகுறை ஸ்பானிஷ் பேசும் கிரிங்கோப் பயல் என்று அதற்கு அர்த்தம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்று கேட்கிறேன். நாம் முகாமில் இருந்தபோதே அமெரிக்க அணிக்கும் புதுக் கோச் வந்துவிட்டார், ஹால்வர்சன். சின்ன வயதில் இளையோர் அணியில் என்னை வளர்த்த மனிதர். போனைத் திரும்ப வாங்கின பிறகுதான் எனக்கே தெரியும். அவர் அறிவித்த பட்டியலில் நான் இருக்க முடியாது, அது சரி. ஆனால் அவர் பொறுப்பேற்றதும் முதலில் எனக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடாமல் இருக்கிற ஆள் இல்லை. முகாமில் எல்லோருடைய போனையும் வாங்கித் துணிப்பையில் போட்டு வைப்பது உன் வேலை. என் போனில் யாராவது கூப்பிட்டார்களா?

ஹெனாரோ


மெக்சிகோ நகரம்
ஆகஸ்ட் 2

அன்புத் தம்பிக்கு,

நல்ல கேள்வி கேட்டாய். அந்தப் பையோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? இருபத்தாறு போன். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று. வலது பக்கத் தடுப்பாட்டக்காரனுக்கு அவன் மாமியார். நடுக்களத்தில் ஆடுகிறானே அந்த ஊமைக்கோட்டான், அவனுக்கு ஒன்றுக்கு மூன்று காதலிகள், மூன்று பேரும் ஒரே நேரத்தில். கடைசியில் பையைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு வேறு கட்டிலில் படுத்தேன். இந்த லட்சணத்தில் யார் யாருக்குக் கூப்பிட்டார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டா இருக்க முடியும்? ஹால்வர்சன் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்படியே கூப்பிட்டிருந்தாலும் என்ன? அவர்கள் உன்னைத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரித்தான் வைத்திருப்பார்கள். உன் பெயரைக்கூட ஒழுங்காக உச்சரிக்கத் தெரியாதவர்கள். இங்கே நீ வீட்டுப் பிள்ளை.

பெனவிதெஸைப் பார்த்தேன். முதலில் இங்கே பிறந்து இங்கே ஆடுகிறவர்களைப் பார்க்கிறேன் என்றார். என் தம்பி என்று உன் பெயரைச் சொன்னேன், தலையாட்டினார். தலையாட்டியது நல்ல சகுனம்தான். அவசரப்படாதே.

அம்மாவின் காரில் ஏதோ சத்தம் வருகிறதாமே, ஒரு நடை பார்த்துவிடு.

அண்ணன்
பல்தெமார்


சான் அன்டோனியோ
ஆகஸ்ட் 19

பல்தெமார்,

நேற்று ஹால்வர்சன் எங்கள் ஆட்டத்துக்கு வந்திருந்தார். எங்கள் கோல்கீப்பரைப் பார்க்க. ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நான் அவரைப் பார்க்காததுபோல் நழுவினேன். அவர்தான் கூப்பிட்டார். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

நான் எடுத்த எடுப்பிலேயே, என்னைக் கூப்பிடணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இப்போதாவது ஞாபகம் வருகிறதா பார்.

"நான் கூப்பிட்டேன்ப்பா. உங்க அண்ணன்தான் எடுத்தாரு. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி அவன் எனக்குக் கூப்பிடணும், என் அணியில முதல்ல எழுதற பேரு அவனுதுதான்னேன். ஞாயிறு போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னும் சொன்னேன். சொல்லிடறேன்னாரு. நீ இறங்கி ஆடினதை டிவியில பாத்தேன். சரி, இதுதான் பதில்னு நினைச்சுக்கிட்டேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ."

இத்தனை நாளும் அந்த மனிதர் என்னை மரியாதை தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என் சொந்த அண்ணன் என்னை ஏமாற்றினான் என்று சொல்ல வேண்டும். கூச்சமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு காரில் ஏறினேன். ஓட்ட முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நீ பெஞ்சுக்கு வந்து என் தோளைத் தட்டினாய் பார், அந்தக் கையை மறக்க முடியவில்லை. எதிரி தட்டியிருந்தால் எழுந்திருக்க மாட்டேன். மாமியார், மூன்று காதலிகள் என்று சிரிப்புக் காட்டி எழுதியிருந்தாயே, அதைப் படித்து நான் சிரிக்கவும் செய்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்காக இல்லை. இந்தக் கடிதங்களைச் சுமந்துகொண்டு பாலம் தாண்டுகிறவள் அவள்.

ஹெனாரோ


சல்தீயோ
அக்டோபர் 6

தம்பி,

ஆமாம், எடுத்தேன். ஆமாம், சொல்லவில்லை.

இதற்கு மேல் என்னைத் திட்டிக்கொள். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டு. அன்றைக்குத்தான் ஒலாசாபலைக் கூப்பிட்டு, இன்னொரு தப்பு நடந்தால் நடையைக் கட்டு என்று மேலே இருப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் போனால் நானும் போக வேண்டும். அமெரிக்காக்காரன் கையில் போகவிருந்த ஒருவனைப் பிடித்து வைத்தார் என்று பெயர் கிடைத்தால் அவர் பிழைப்பார். எவ்வளவு நேரம் இறக்க வேண்டும் என்று கேட்டேன். கால் பட்டால் போதும் என்றார். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும் வந்து உன் தோளைத் தட்டினேன்.

ஹால்வர்சன் சொன்னதை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ போயிருப்பாய். நெஞ்சைத் தொட்டுச் சொல், போயிருப்பாயா இல்லையா? நம் வீட்டுப் பெயர் பச்சைச் சட்டையின் முதுகில் இருப்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறி. பார்த்துவிட்டேன். அதற்கு உன்னைக் கொடுத்துவிட்டேன் என்று நீ சொல்வாய். நான் அப்படி நினைக்கவில்லை. இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு உன்னை முழு ஆட்டம் ஆடவைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

உன் சாபமோ என்னவோ, பெனவிதெஸ் தன் ஆட்களோடு வந்து எங்களை எல்லாம் ஒரே வரியில் அனுப்பிவிட்டார். அவர்கள் கொடுத்த போனையும் சட்டையையும் வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது இங்கே சல்தீயோ கிளப்பில் உதவிக் கோச். ஊர் நல்ல ஊர்தான். குளிருகிறது.

நேற்று குலுக்கல் போட்டார்கள். இரு நாட்டுக் கிளப்புகளின் கோப்பையில் பிப்ரவரியில் நாங்கள் சான் அன்டோனியோவுக்கு வருகிறோம். உங்களோடுதான்.

பல்தெமார்


சான் அன்டோனியோ
ஜனவரி 30

பல்தெமார்,

இத்தனை மாதம் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது?

போயிருப்பேனா என்று கேட்டாய். போயிருப்பேன். அல்லது, நீ வந்து அருகில் உட்கார்ந்து, போகாதேடா என்று கேட்டிருந்தால் இருந்திருப்பேன். அதை நீ கேட்டுப் பார்க்கவே இல்லை.

ஆட்டத்துக்கு எங்கள் மைதானம்தான், ஆனால் டிக்கெட்டெல்லாம் உங்கள் ஆட்கள் வாங்கியாயிற்று. சொந்த ஊரில் எங்களுக்குத்தான் ஊளை விழும். எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வருவது என்று அம்மா கேட்டாள். பச்சையும் வேண்டாம், எங்களுடைய நீலமும் வேண்டாம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

பெனால்டி கிடைத்தால் நான் எப்போதும் கோல்கீப்பரின் இடது கைப் பக்கம்தான் அடிப்பேன். டயர் கடைக்குப் பின்னால் இருந்த சுவரில் கரிக்கோடு போட்டு, அங்கேயே அடி, அங்கேயே அடி என்று பழக்கியது நீ. உங்கள் பக்கத்தில் இது தெரிந்தவன் நீ ஒருவன்தான். உங்கள் கோல்கீப்பரிடம் சொல்லிவிடுவாய். சொல். உன் வேலை அது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதும், சொல்லக்கூடாததைச் சொல்வதும் உனக்குக் கைவந்ததுதானே.

ஆட்டம் முடிந்து கைகொடுக்க வராதே.

ஹெனாரோ


சல்தீயோ
பிப்ரவரி 24

தம்பி,

நீ வராதே என்று எழுதியும் நான் கையை நீட்டிக்கொண்டு வந்தேன். நீ என்னைத் தாண்டிப் போனாய். அம்மா மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, அது போகட்டும்.

பந்து உன் காலுக்கு வரும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். பச்சைச் சட்டையை விற்றவன் என்று ஒருவன் கத்தினான். என்ன விவரம் தெரியும் அவனுக்கு? எனக்குத் திரும்பி அவன் வாயை மூட வேண்டும் போலிருந்தது. எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் செய்வது?

கடைசியில் அந்தப் பெனால்டி. பந்தை வைத்துவிட்டு நீ கோல்கீப்பரைப் பார்க்கவில்லை. பெஞ்சில் என்னைப் பார்த்தாய். நான் உன்னிடம், வழக்கமான பக்கமே அடி, வழக்கமான பக்கமே அடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். நீ மாற்றி அடித்தாய். எங்கள் கோல்கீப்பர் தோபியாஸ் அந்தப் பக்கம்தான் பாய்ந்தான்.

நான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஹெனாரோ. முந்தின நாள் விடுதியில் அவனாகவே வந்து, நீ எந்தப் பக்கம் அடிப்பாய் என்று கேட்டான். அவனுக்குத் தோணுற பக்கம் அடிப்பான்ப்பா, எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவன் குருட்டாம்போக்கில் பாய்ந்தான். நீ எப்போதும்போல் அடித்திருந்தால் பந்து வலைக்குள், நாங்கள் வெளியே. நம்புவாயோ மாட்டாயோ, உண்மை இதுதான்.

இன்னொரு சேதி. பெனவிதெஸும் போய்விட்டார், ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. மொந்தால்வோ வருகிறாராம். நான் ஆடிய காலத்தில் அவர்தான் என் கோச், என்மேல் அவருக்குப் பிரியம் உண்டு. நான் அந்தப் பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும், தம்பி. இங்கே கிளப்பில் பயிற்சிக் கூம்பு அடுக்கிக்கொண்டு கிடக்க முடியவில்லை. எனக்கு உயிரே அதுதான், உனக்கே தெரியும். கிளப் வழியாகக் கேட்டால் பருவத்தின் நடுவில் விடமாட்டார்கள், பத்திரிகையிலும் வந்துவிடும். அதனால் முதலில் ஆளிடம்தான் காதும் காதும் வைத்தாற்போல் கேட்பார்கள். பழைய போனைத்தான் பிடுங்கிக்கொண்டார்களே, என் புது எண் அவரிடம் இல்லை. கீழே எழுதியிருக்கிறேன். யாராவது உன்னைக் கேட்டால் கொடு. நான் உள்ளே போனால் முதல் காரியமாக உன்னை முழு ஆட்டம் இறக்குவேன். செய்ததைச் சரிசெய்ய எனக்கு அது ஒன்றுதான் வழி.

அண்ணன்
பல்தெமார்


சான் அன்டோனியோ
மார்ச் 12, செவ்வாய்

அண்ணா,

நீ தோபியாஸிடம் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். உன் கடிதம் வருவதற்கு முன்பே தெரியும். ஆட்டம் முடிந்து சட்டை மாற்றிக்கொள்ளும்போது அவனே சொன்னான். "உங்கண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுட்டாருப்பா, சரியான அழுத்தக்காரர்" என்று சிரித்தான். நான் அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நீ முதல்முறையாக எனக்கு நல்லது செய்திருக்கிறாய். அது நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பந்துக்கு முன்னால் நின்றுகொண்டு உன்னைப் பார்த்தேன், இவன் சொல்லியிருப்பான் என்று முடிவு செய்தேன், பத்து வருடமாகப் பழகின காலைத் திருப்பினேன். நாலு நிமிடத்தைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். இதை முடியாது. உன்னை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தாய். நான் எதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறவன்.

நேற்று மொந்தால்வோ கூப்பிட்டார். ஜூன் மாத ஆட்டங்களுக்கு என்னை எடுக்கிறாராம், முதல் பதினொன்றிலேயே. எங்கே பிறந்தாய் என்று கேட்கவில்லை. நான் தவறவிட்ட அந்தப் பெனால்டி தவிர மற்ற எல்லாம் பிடித்திருந்தது என்றார். நான் சந்தோஷம் வரும் வரும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் வந்தது.

பிறகு உன்னைக் கேட்டார். நீ எழுதியபடியேதான், கிளப்புக்குத் தெரியாமல் கேட்கிறேன் என்றார். "உங்கண்ணன் எனக்கு வேணும்ப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள கூப்பிடச் சொல்லு. சனிக்கிழமை நான் பேரெல்லாம் குடுத்தாகணும், அப்புறம் இன்னொருத்தரைத்தான் போடுவேன்." உன் கடிதம் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. அடியில் உன் எண். ஏழையும் ஒன்றையும் நீ எப்போதும்போல் ஒரே மாதிரி எழுதியிருக்கிறாய், ஆனாலும் படிக்க முடிகிறது. அதை அவருக்கு வாசித்துக் காட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

சொல்லிடறேன் என்றேன்.

போனை வைத்த பிறகு உனக்குக் கூப்பிடலாம் என்று பாதி எண்ணை அழுத்தவும் செய்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். இப்படி ஒரு நாள் வந்தால் இனிக்கும் என்று நினைத்திருந்தேன். இனிக்கவில்லை. வாய் கசக்கிறது. நீ அந்தத் துணிப்பையைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு வேறு கட்டிலில் படுத்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரி மட்டும் பொய் இல்லை என்று இப்போது நம்புகிறேன், நேற்று எனக்கும் போன் பக்கத்தில் படுக்க முடியவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை வருவாள். இதை மட்டும் அவள் கையில் கொடுக்கப் போவதில்லை. தபால் தலை வாங்கியாயிற்று. மூன்று வாரம் ஆகும் என்று நீதான் எழுதினாய்.

மொந்தால்வோவுக்குக் கூப்பிடு, அண்ணா. வெள்ளிக்கிழமைக்குள்.

உன் தம்பி
ஹெனாரோ